அந்து இல்லாத மூட்டை

கல்யாணத்தைத் தவிர்த்துப் பார்த்தால் வெள்ளத்துரையின் கழுத்தில் ஒரே ஒரு தடவைதான் மாலை விழுந்தது. அந்த மாலைக்கு அவர் ஒரு மூட்டை விதைச் சோளத்தைக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

அது அறுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாதம். பரளச்சிக்குத் தெற்கே இருக்கும் வெள்ளத்துரையின் ஊருக்குள் ஒரு ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதன் தலையில் குழாய் கட்டியிருந்தது. டூரிங் கொட்டகையில் புதுப்படம் போலிருக்கிறது என்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஆனால் இறங்கியவர் நோட்டீஸ் எதையும் வீசவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் குண்டூசியில் குத்திய சாம்பல் நிறப் பூச்சி ஒன்று இருந்தது. செத்து வெகு காலமாகியிருக்க வேண்டும். அதன் ஒரு சிறகு உதிர்ந்து குப்பியின் அடியில் கிடந்தது.

திருச்சுழியில் புதிதாகத் திறந்திருந்த தானியப் பூச்சி ஒழிப்பு நிலையத்தின் அதிகாரி அவர். பெயர் சங்கரபாண்டியன். மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குப்பியை உயர்த்திப் பிடித்தார்.

"விவசாயப் பெருங்குடி மக்களே! இதுதான் உங்கள் எதிரி. அந்துப்பூச்சி. ஆனால் நாம் உண்மையைப் பேச வேண்டும். இந்தப் பூச்சி ஒரு மணி தானியத்தைக்கூடத் தின்பதில்லை. தின்பதற்கு ஏற்ற வாய் இதற்கு இல்லை. தின்பதெல்லாம் இதன் புழு. நாங்கள் பூச்சிப் பிரிவு. புழுப் பிரிவு மதுரையில் இருக்கிறது. ஆகவே, புழுவைப் பற்றி நான் இன்று ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை."

கூட்டத்தில் இருந்த சோலை எழுந்தான். "அப்ப முட்டைய யாருங்கய்யா பாக்குறாக?"

"நல்ல கேள்வி. முட்டையை எந்தப் பிரிவுக்கு ஒதுக்குவது என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருக்கிறது. அதுவரை முட்டையை யாரும் தொடக் கூடாது."

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். விதைத் தானியத்தை வீட்டில், மண்குலுக்கையில் வைப்பது விஞ்ஞானத்துக்கு விரோதமானது. திருச்சுழி நிலையத்தில் சிமெண்டுத் தரை போட்ட கிடங்கு இருக்கிறது. அங்கே கொண்டுவந்து வைத்தால் அரசாங்கமே காவல் காக்கும். மழை விழுந்ததும் எடுத்துக்கொள்ளலாம். யார் முதலில் முன்வருகிறீர்கள்?

யாரும் வரவில்லை. விதையை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று நழுவ ஆரம்பித்தார்கள்.

ஜீப்பில் ஒரு ரோஜா மாலை இருந்தது. பஞ்சாயத்துத் தலைவருக்காக அருப்புக்கோட்டையில் வாங்கியது. தலைவர் ஒரு சாவு வீட்டுத் துஷ்டிக்குப் போய்விட்டார். வெயிலில் மாலை வாடிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுபோனால் ஏன் போடவில்லை என்று கேள்வி வரும். அந்த நேரம் பார்த்து, அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியைத் தேடிக் கையில் கயிறோடு வெள்ளத்துரை அந்தப் பக்கமாக வந்தார். அதிகாரி இரண்டு எட்டில் அவரை நெருங்கினார். மாலை கழுத்தில் விழுந்தது.

"இதோ, முன்மாதிரி விவசாயி!" என்றது குழாய்.

ஒரு ஆள் போட்டோ எடுத்தான். கைதட்டல் கேட்டது. வெள்ளத்துரைக்கு யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பழக்கமில்லை. மாலையைப் போட்டுக்கொண்டு எப்படி மறுப்பது? கன்றுக்குட்டி அகப்படுவதற்கு முன்னாலேயே விதை மூட்டை ஜீப்பில் ஏறிவிட்டது.

அவர் மனைவி ஆவுடைத்தாய் பருத்திமார் பிடுங்கிவிட்டுக் காட்டிலிருந்து திரும்பி வந்தாள். குலுக்கை காலியாகக் கிடந்தது. பக்கத்தில் புருஷன் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன கோலம் இது? வெத எங்க?"

"ஆபீசர் ரொம்ப நல்ல மனுசன் புள்ள. மாலையெல்லாம் போட்டாக."

"பூவ வாங்கிட்டு வெதயக் குடுத்துட்டீகளா? இத வச்சுத் தொடுப்பீகளா, வெதைப்பீகளா?"

அது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த இருங்குச் சோளம். ஒவ்வொரு வருஷமும் நல்ல கதிராகப் பார்த்து அவளே தனியாக அறுத்து, அடித்து, காயவைத்து, சாம்பலும் நொச்சி இலையும் போட்டுக் கட்டிவைப்பாள். மழை விழுந்து காடு பதமானதும் விதைப்பெட்டியோடு முதலில் இறங்குவதும் அவள்தான். அந்தச் சோளம் முளைத்தால்தான் அந்த வருஷத்துக்குக் கஞ்சி. மாட்டுக்கும் அதன் தட்டைதான் தீவனம்.

"மழை வந்ததும் தாரேன்னு சொல்லியிருக்காக" என்றார் வெள்ளத்துரை.

"வரட்டும். வராட்டி நீங்க அந்த மாலையக் கரைச்சுக் குடிங்க."

புரட்டாசி பிறந்தது. சாயங்காலங்களில் மேற்கே மேகம் கட்டிக் கலைந்தது. ஊரில் கலப்பைகளை எடுத்துச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். வெள்ளத்துரை ஒரு காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திருச்சுழிக்குப் பஸ் ஏறினார்.

நிலையம் பெரிய கட்டடம். வாசலில் கோட்டைச்சாமி என்ற பியூன் ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்தான். கிடங்கு அறையில் கல்யாணத்தையே நடத்தலாம். அதன் நட்டநடுவில், ஒரு மரப்பலகையின் மேல், வெள்ளத்துரையின் மூட்டை தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது. மூட்டைக்கு மேலே சுவரில் மாலை போட்ட வெள்ளத்துரையின் போட்டோவை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். போட்டோவுக்கு மாலை என்றால் வேறு அர்த்தம் அல்லவா?

சங்கரபாண்டியன் அவரை அன்போடு வரவேற்றார். மூட்டையைப் பிரித்தார்கள். சல்லடையில் சலித்தார்கள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அதிகாரியின் முகம் வாடிக்கொண்டே போனது.

"ஒரு பூச்சிகூட இல்லையே" என்றார்.

"இருக்காதுங்க. எங்க வீட்டம்மா கட்டுன மூட" என்றார் வெள்ளத்துரை பெருமையோடு.

"பெருமைப்படாதீர்கள். இது சிக்கலான நிலைமை." அதிகாரி மேஜை டிராயரிலிருந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். "இந்த நிலையத்துக்குள் வந்த தானியம் வெளியே போவதென்றால் சாக்கின் மேல் இந்த முத்திரை விழ வேண்டும். என்ன போட்டிருக்கிறது? 'பூச்சி ஒழிக்கப்பட்டது'. நான் பொய் முத்திரை குத்த முடியுமா? ஒழிப்பதற்கு முதலில் பூச்சி இருக்க வேண்டும். உங்கள் சோளத்தில் பூச்சி இல்லை. இல்லாததை நான் எப்படி ஒழிப்பேன்?"

"பூச்சி இல்லேன்னா நல்லதுதானுங்களே?"

"உங்களுக்கு நல்லது. சட்டத்துக்கு?"

வெள்ளத்துரை யோசித்தார். மேஜை மேல் அந்தக் குப்பி இருந்தது. "அந்தப் பூச்சிய எடுத்து மூடையில போட்டுட்டா..."

"அது ஏற்கெனவே ஒழிக்கப்பட்டது" என்றார் அதிகாரி. "ஒரு பூச்சியை இரண்டு முறை ஒழிப்பது மோசடி. உயிரோடு இருப்பதாக ஒன்று கொண்டுவாருங்கள். மூட்டையில் விடுவோம். நான் ஒழிக்கிறேன். முத்திரை குத்துகிறேன். சோளத்தைக் கொண்டுபோங்கள். எவ்வளவு சுலபம்!"

வாசலில் கோட்டைச்சாமி விழித்திருந்தான். வெள்ளத்துரையின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னான்.

"அண்ணே, அவரக் குத்தஞ் சொல்லாதீக. இந்த ஆபீசுல இருக்கிறதே ஒங்க மூட ஒண்ணுதான். அதுவும் பூச்சி இல்லாமப் போயிருச்சுன்னா, இங்க எதுக்கு ஆபீசுன்னு கேப்பாக. ஒரு பூச்சியாவது அடிச்சாத்தான் அவருக்கும் எனக்கும் இங்க ஸ்டூலு, நாற்காலி."

வெள்ளத்துரைக்கு அவன்மேலும் இரக்கம் வந்தது. அதுதான் அவருடைய கஷ்டம்.

ஊருக்கு வந்து பூச்சி தேட ஆரம்பித்தார். முதலில் பக்கத்து வீட்டு மாயக்காளிடம் போனார். அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒங்க வீட்டுல அந்து இருக்குமா?"

முறம் நின்றது. "என்ன கேட்டீக கொழுந்தனாரே?"

"அந்து. ரெண்டு இருந்தாக் குடுங்க. சும்மா வேணாம், வேல முடிஞ்சதும் திருப்பித் தந்துருதேன்."

அந்த ஊரில் ஒரு பெண்ணிடம் உன் வீட்டுத் தானியத்தில் அந்து இருக்கிறதா என்று கேட்பதும், நீ குளிப்பதுண்டா என்று கேட்பதும் ஒன்றுதான். மாயக்காள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுல அந்தா? எவ சொன்னா? ஒங்க பொண்டாட்டி சொன்னாளா? நாக்குல நரம்பில்லாமப் பேசுறவ! வந்து என் குலுக்கைய எட்டிப் பாருங்கய்யா! ஒரு அந்து இருந்தா என் காதுல கெடக்குற பாம்படத்தக் கழட்டித் தாரேன்!"

அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. பொழுது சாய்வதற்குள் மூன்று பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆவுடைத்தாயிடம் சண்டைக்கு வந்தார்கள். ஊரில் அத்தனை குலுக்கைகளும் அன்றைக்கு ஒரே நாளில் பத்தினிகளாகிவிட்டன. சோலை மட்டும் சிரித்தான்.

"ஏலே வெள்ளத்துரை, பேன் வேணும்னாக் கேளு. எம் பொண்டாட்டி தலையில இருந்து எவ்வளவு வேணும்னாலும் தாரேன். அந்து மட்டும் கேக்காத. வீட்டுக்குள்ள விடமாட்டா."

மறுநாள் வெள்ளத்துரை வீரசோழனுக்குப் போனார். அங்கே இருளப்பசாமி என்பவர் தானியம் விற்கும் தவசக் கடை இருந்தது. கடைக்குள் நுழைந்ததுமே வெள்ளத்துரையின் மனம் குளிர்ந்தது. சுவரிலும் தூணிலும் தராசுத் தட்டிலும் சாம்பல் நிறத்தில் பூச்சிகள் சிறகை மடித்து உட்கார்ந்திருந்தன. ஒன்று பறந்து வந்து முதலாளியின் காதோரம் அமர்ந்தது.

"மொதலாளி, அந்து..." என்று வெள்ளத்துரை கையை நீட்டினார்.

கடையில் ஒரு அம்மாள் கம்பு வாங்கிக்கொண்டிருந்தாள். இருளப்பசாமி பதறிப்போனார். "அந்தா? எங்க அந்து? அது ரோட்டுப் பூச்சிப்பா. பஸ்ஸோட வருது, பஸ்ஸோட போகுது."

பஸ் வந்து போயிற்று. பூச்சி எதுவும் ஏறவில்லை. அந்த அம்மாள் போனதும் இருளப்பசாமி அவரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கம்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். மணிகள் நூலால் கோத்ததுபோல் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"எவ்வளவு மொதலாளி?"

"காசு வாங்குனா அந்து வித்தவன்னு ஆயிரும். எடுத்துட்டு நட. எந்தக் கடைன்னு எவனாவது கேட்டா, செத்தாலும் சொல்லப்படாது."

திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர் டப்பாவைத் தட்டினார். "என்ன சாமான்?"

"அந்து."

"எங்க கொண்டு போறீரு?"

"ஆபீசருக்கு."

கண்டக்டர் தலையை ஆட்டினார். "இப்பல்லாம் இதையும் வாங்க ஆரம்பிச்சுட்டாகளா?"

சங்கரபாண்டியன் டப்பாவை ஆவலோடு திறந்தார். பார்த்தார். மூடிவிட்டார்.

"இது புழு."

"அந்துதானுங்களே?"

"அந்துதான். ஆனால் புழுப் பருவத்தில் இருக்கிறது. நான் இதைத் தொட்டால் மதுரைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அவர்கள் புழுவை நான் எடுத்துக்கொண்டேன் என்று எழுதிவிடுவார்கள். போன வருஷம் வேறொரு நிலையத்தில் இப்படித்தான் ஒருவர் கூட்டுப்புழுவைக் கொன்றுவிட்டார். அது புழுவா, பூச்சியா என்று இன்னும் விசாரணை நடக்கிறது. மனிதர் பாதிச் சம்பளத்தில் இருக்கிறார்."

"அப்ப மதுரைக்குக் கொண்டு போகட்டுங்களா?"

"போகலாம். ஆனால் உங்கள் சோளம் அங்கே இல்லையே."

ஜில்லாவின் பெயர் ராமநாதபுரமாகவும் ஜில்லாவின் பெரிய ஆபீஸ் மதுரையிலும் இருந்த காலம் அது. ஆகவே இதில் ஆச்சரியப்பட வேண்டும் என்று வெள்ளத்துரைக்குத் தோன்றவில்லை.

"வளர்த்துக் கொண்டுவாருங்கள்" என்றார் அதிகாரி. எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். "இருட்டான, கதகதப்பான இடம் வேண்டும். அடிக்கடி திறக்கக் கூடாது. பட்டினி போடக் கூடாது. நல்ல புஷ்டியான பூச்சியாக இருக்க வேண்டும். நோஞ்சான் பூச்சியை ஒழித்தால், அது மருந்தால் செத்ததா, தானாகச் செத்ததா என்று மேலிடம் கேட்கும்."

இப்படியாக வெள்ளத்துரை அந்து வளர்க்கத் தொடங்கினார்.

டப்பாவை அடுப்பங்கரை மூலையில் வைத்தார். ஆவுடைத்தாய் அதை வெளியே வைத்தாள். அவர் மாட்டுக்கொட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எறும்பு வந்தது. டப்பாவைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் வைத்தார். கம்பு தீர்ந்தபோது வீட்டுக் கம்பை ஒரு கை அள்ளிக்கொண்டு போனார்.

"மாட்டுக்குப் போட நாதியில்ல" என்றாள் ஆவுடைத்தாய். "இந்த மருமக்கமாருக்கு மட்டும் விருந்தா?"

"புஷ்டியா வளக்கணும்னு சொல்லியிருக்காக புள்ள."

"புஷ்டியா வளத்து?"

"கொல்லணும்."

"நான் ஒங்கள ஒண்ணுஞ் சொல்லல. ஒங்கள எனக்குக் கட்டிவச்சாரு பாருங்க எங்க அய்யா, அவரச் சொல்லணும்."

புழுக்கள் டப்பாவின் ஓரங்களில் ஒண்டி நூல்கூடு கட்டின. வெள்ளத்துரை ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்துக்கொள்வார். ஒரு காலையில் முதல் பூச்சி கூட்டைவிட்டு வெளியே வந்து, சிறகு உலர்வதற்காக அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெள்ளத்துரைக்கு என்னவோ போலாகிவிட்டது. வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொன்னார். மாட்டுக்கொட்டத்தில் புகை இல்லை.

அன்று மத்தியானமே மழை பிடித்தது. கரிசல் வாயைத் திறந்து குடித்தது. ஓடை ஓடியது. மழை வெறித்ததும் ஊரெல்லாம் விதைப்பெட்டியைத் துடைக்கிற சத்தம். காலை வைக்கும்படி சேறு இறுகியதும் விதைப்பு. அப்புறம் வெயில் இரண்டு நாள் காய்ந்தால் பதம் போய்விடும். சோலை தெருவில் நின்று குரல் கொடுத்தான்: "ஏலே, நாளைக் கழிச்சு நாங்க வெதைக்கப் போறோம். நீ எதை வெதைக்கப் போற? அந்தையா?"

ஆவுடைத்தாய்க்கு அது சிரிப்பாக இல்லை. மறுநாள் விடிந்ததும் அவளே வண்டியைப் பூட்டினாள். "ஒங்கள தனியா அனுப்புனா அடுத்த மாலைய வாங்கிட்டு வந்துருவீக. நானும் வாரேன்" என்றாள். வெள்ளத்துரை அதற்குள் கூட்டைவிட்டு வந்திருந்த பூச்சிகளை ஒரு கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, வாயில் துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டார். வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஜாடியைக் கையால் அணைத்துக்கொண்டார்.

நிலையத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மதுரைத் தலைமை ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். பெயர் சங்கரலிங்கம். நிலையத்தை வைத்திருப்பதா, மூடுவதா என்று பார்த்துச் சொல்ல வந்தவர். சங்கரபாண்டியன் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். ஜாடியைப் பார்த்ததும் அவர் வெள்ளத்துரையைக் கட்டிப் பிடிக்காத குறை.

"வந்துவிட்டதா? உயிரோடா? கடவுள் இருக்கிறார்!"

கிடங்கு அறைக்குள் மைக் வைத்திருந்தார்கள். கேட்பதற்குக் கோட்டைச்சாமியும், வண்டியில் வந்த புருஷன் பெண்டாட்டியும், போட்டோக்காரரும் இருந்தார்கள். சங்கரலிங்கம் பேசினார்.

"இந்த மாவட்டத்தின் மற்ற நிலையங்களில் பூச்சி கோடிக்கணக்கில் இருக்கிறது. அதனால் அங்கெல்லாம் நம் துறை வளர்ந்திருக்கிறது. ஆட்களைச் சேர்த்திருக்கிறோம். கட்டடம் கட்டியிருக்கிறோம். ஆனால் திருச்சுழியில் ஒரு பூச்சிகூட இல்லை என்று கேள்விப்பட்டபோது நான் வெட்கித் தலைகுனிந்தேன். பூச்சியே இல்லாத இடத்தில் நாம் எப்படிச் சேவை செய்வது? இந்த இழிநிலையைத் துடைக்க ஒரு எளிய விவசாயி தன் வீட்டிலேயே பூச்சியை வளர்த்துக் கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு விவசாயியும் இப்படி முன்வந்தால், அந்துப்பூச்சியை அடியோடு ஒழித்துவிடலாம்!"

கோட்டைச்சாமி கைதட்டினான். ஆவுடைத்தாய் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஒரு போட்டோ" என்றார் சங்கரலிங்கம். வெள்ளத்துரையை நடுவில் நிறுத்தினார்கள். ஜாடியை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொன்னார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஜாடி வாயில துணி கட்டியிருக்கு, என்னமோ ஊறுகா ஜாடி மாதிரி இருக்கு. அத எடுத்துருங்க பெரியவரே."

வெள்ளத்துரைக்கு யாரையும் மறுத்துப் பழக்கமில்லை என்று முன்பே சொன்னேன். அவிழ்த்தார்.

ஜாடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பூச்சிகள் எழும்பின. புஷ்டியான பூச்சிகள். ஒன்று பெரிய அதிகாரியின் நெற்றியில் மோதியது. ஒன்று மாலை போட்ட போட்டோவின் பின்னால் நுழைந்தது. மிச்சமெல்லாம் விட்டத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் இருட்டைத் தேடிப் போய் ஒண்டிக்கொண்டன. மைக் வழியாக "ஐயோ" என்று ஒரு சத்தம் திருச்சுழி முழுக்கக் கேட்டது.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் சங்கரபாண்டியன். அவருக்கு விதிகளெல்லாம் மனப்பாடம். விறைப்பாக நின்றுகொண்டு ஒப்பித்தார்.

"நிலையக் கட்டடத்திலேயே பூச்சி கண்டால் அந்த நிலையம் முதல் வகுப்பு நிலையமாகக் கருதப்படும். அதிகாரியும் ஊழியர்களும் நிரந்தரமாக்கப்படுவார்கள். அங்கே இருக்கும் தானியத்தில் பூச்சி பிடிக்காததை முத்திரைக்குக் காத்திராமல் உடனடியாக வெளியேற்ற வேண்டும்."

சங்கரலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "பூச்சி பிடிக்காத தானியம் எது?"

"இவருடைய மூட்டைதான் ஐயா. நானே சலித்துப் பார்த்தேன். ஒரு பூச்சிகூட இல்லை."

"அப்படியென்றால் என்ன நிற்கிறீர்கள்? தூக்குங்கள்! ஒரு பூச்சி அதில் உட்கார்ந்துவிட்டால் வேலை கெட்டுவிடும்!"

மூட்டையின் ஒரு முனையைக் கோட்டைச்சாமியும் மறுமுனையைச் சங்கரபாண்டியனும் தூக்கினார்கள். ஒரு அதிகாரி மூட்டை தூக்குவதைத் திருச்சுழி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெள்ளத்துரை காலி ஜாடியோடு பின்னாலேயே ஓடினார்.

"பூச்சி இல்லேன்னுதானங்கய்யா குடுக்க மாட்டேன்னீக?"

"ஆமாம்."

"இப்ப எதுக்குக் குடுக்கீக?"

"பூச்சி இல்லாததால்தான்" என்றார் சங்கரபாண்டியன். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

வெள்ளத்துரை இன்னும் எதையோ கேட்க வாயெடுத்தார். ஆவுடைத்தாய் அவர் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். "வாய மூடிட்டு வண்டியில ஏறுங்க. கேட்டா மறுபடியும் உள்ள கொண்டு போயிருவாக."

மறுநாள் சோலையின் கலப்பை காட்டில் இறங்கிய அதே நேரத்தில் ஆவுடைத்தாயின் விதைப்பெட்டியும் இறங்கியது. பதம் இருந்தது. ஐப்பசியில் இன்னும் இரண்டு மழை சரியாகப் பிடித்தது. இருங்குச் சோளம் ஆளை மறைத்தது.

மாசி மாதம். சோளம் அடித்துக் குலுக்கையில் விழுந்துவிட்டது. விதை மூட்டையை நொச்சி இலை போட்டு ஆவுடைத்தாய் கட்டி முடித்திருந்தாள். வாசலில் அதே ஜீப் வந்து நின்றது. இப்போது அது புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. சங்கரபாண்டியன் கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஆனால் முகத்தில் கவலை இருந்தது. கையில் பெரிய ரோஜா மாலை.

வெள்ளத்துரை மாலையைப் பார்த்ததும் எழுந்து மனைவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அம்மா, நீங்கள்தான் உதவ வேண்டும்" என்றார் அதிகாரி. "நிலையத்தில் இப்போது ஒன்பது பேர் வேலை பார்க்கிறோம். எல்லாம் உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்த பூச்சியால்தான். ஆனால் கிடங்கில் தானியம் இல்லை. இருந்ததைக் கூட்டிப் பெருக்கிப் போட்டுப் பார்த்தோம். பூச்சிகள் பட்டினி கிடக்கின்றன. அவை செத்துவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். ஒரே ஒரு மூட்டைச் சோளம் கொடுத்தால்..."

ஆவுடைத்தாய் கையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள்.

"ஏங்கய்யா, பூச்சி ஒரு மணிகூடத் திங்காதுன்னு மைக்குல சொன்னது நீங்கதான?"

"ஆமாம். தின்பது புழுதான்."

"அப்பப் பட்டினி கெடக்குறது புழுவா?"

"புழுதான் அம்மா."

"புழுவ மதுரையிலல்ல பாக்குறாக?"

சங்கரபாண்டியன் யோசித்தார். அவர் நேர்மையானவர். அதில் தவறு எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாலையை ஜீப்பிலேயே போட்டுவிட்டு, டிரைவரிடம் வண்டியை மதுரைக்கு விடச் சொன்னார்.